அத்தையின் மாத்திரை

எங்கள் வீட்டில் ரத்தக் கொதிப்புக்காரர்கள் இரண்டு பேர். மாமியாருக்கு 76 வயது, ஓரகத்திக்கு 31. போன மாசம் ஓரகத்தி, "அக்கா, என் மாத்திரை தீர்ந்து போச்சு. அத்தையோடதுல ஒண்ணு போட்டுக்கட்டுமா? எல்லாம் பிரஷர் மாத்திரைதானே!" என்றாள். எனக்குப் பகீரென்றது. அவளுக்கு நாள் தள்ளிப் போயிருந்தது!

அத்தை சாப்பிடுவது எனலாப்ரில். கர்ப்பிணிகளுக்கு அது ஆகவே ஆகாதாம். சிசுவின் சிறுநீரகத்தைக் கெடுக்குமாம். டாக்டரம்மா அவளுக்கு லாபெட்டலால் எழுதிக் கொடுத்தார். இளம் தாய்மார்களே, அடுத்த குழந்தைக்கு நினைக்கும்போதே மாத்திரைச் சீட்டை டாக்டரிடம் காட்டிவிடுங்கள். நீங்களாக நிறுத்துவதும் தப்பு.

மாமியார் கதை வேறு. சடக்கென்று எழுந்தால் தலை கிர்ரென்று சுற்றும். "மாத்திரைதான் ஆளைத் தள்ளுது" என்று நாலு நாள் தலையணைக்கடியில் ஒளித்துவிட்டார் (மருமகள்களை ஏய்ப்பதில் கெட்டிக்காரர்!). அளந்தால் 180. டாக்டரம்மா குறைந்த அளவில் மறுபடி ஆரம்பித்து, மெதுவாக ஏற்றினார். ஒவ்வொரு தடவையும் நிற்க வைத்தும் அளக்கிறார். 80 தாண்டியவர்களுக்கும் மாத்திரை பலன் தரும் என்று 2008-லேயே ஆராய்ச்சி வந்துவிட்டதாம். இப்போது அத்தை கட்டிலில் இரண்டு நிமிஷம் உட்கார்ந்துவிட்டுத்தான் எழுகிறார்.

மாத்திரை டப்பாவும் இரண்டாகிவிட்டது. அத்தையுடையதில் சிவப்பு நூல் சுற்றி வைத்திருக்கிறேன்.