காற்றாடியை நிறுத்தினீங்களா, அங்கிள்?

ஆயர் ஈத்தாமில் இருக்கும் என் தாய்மாமாவுக்கு இனிப்பு நீர் வந்து இருபது வருடம் ஆகிறது. சிறுநீரகம் இரண்டும் செயலிழந்த பிறகு வீட்டிலேயே வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்கிறார். வயிற்றில் பொருத்திய மெல்லிய குழாய் வழியாக இரண்டு லிட்டர் திரவத்தை உள்ளே விட்டு, சில மணி நேரம் கழித்து வெளியேற்றிவிட்டு, புதிய திரவத்தை நிரப்ப வேண்டும். ஒரு நாளைக்கு நான்கு முறை. வாரத்தில் மூன்று நாள் மையத்துக்குப் போய் நான்கு மணி நேரம் படுத்திருக்க வேண்டியதில்லை. காலையில் கோயிலுக்குப் போகிறார், மதியம் பேரனைப் பள்ளியிலிருந்து கூட்டி வருகிறார்.

இந்தச் சுதந்திரத்துக்கு ஒரு விலை உண்டு. நாளைக்கு நான்கு முறை என்றால் வருடத்துக்கு 1,460 முறை அந்தக் குழாயைத் திறந்து மூட வேண்டும். ஒருமுறை விரல் நுனி தவறிப் பட்டாலும் கிருமி நேரே வயிற்றுக்குள் போய்விடலாம். வயிற்று உறையில் தொற்று திரும்பத் திரும்ப வந்தால் அந்த உறையே பழுதாகும். குழாயை எடுத்துவிட்டு இயந்திர டயாலிசிஸுக்கு மாற வேண்டிவரும். சிலருக்கு உயிரே போயிருக்கிறது.

போன வருடம் மாமாவுக்கும் தொற்று வந்தது. வயிற்று வலி, வெளியே வந்த திரவம் கஞ்சித் தண்ணீர் போல் கலங்கல். மருத்துவமனையில் சேர்த்தோம். உறவினர்கள் எல்லாரும் அத்தையைத்தான் குறை சொன்னார்கள். “வீட்டைச் சுத்தமா வெச்சிருந்தா இப்படி வருமா?” நானும் அப்படித்தான் நினைத்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். அத்தை வாய் திறக்கவில்லை; சமையலறையில் போய் அழுதார்.

மாமா தேறிய பிறகு டயாலிசிஸ் பிரிவுத் தாதி யாரையும் குற்றம் சொல்லவில்லை. “வீட்டுல எப்படிச் செய்வீங்களோ அப்படியே செஞ்சு காட்டுங்க அங்கிள்” என்றார். கையில் ஒரு பட்டியல், ஒவ்வொரு படிக்கும் ஒரு கட்டம். மாமா அவசரமாகக் கை கழுவினார். வீட்டில் சமையலறைத் துண்டில்தான் கை துடைப்பாராம். முகக்கவசம் மூக்குக்குக் கீழே இருந்தது.

“காற்றாடியை நிறுத்தினீங்களா அங்கிள்?”

“இந்தப் புழுக்கத்துல காற்றாடி இல்லாம எப்படிம்மா?”

எந்தப் படியில் கிருமி நுழைந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் மூன்று நான்கு ஓட்டைகள் இருந்தது எங்களுக்கே தெரிந்தது. நான்கு வருடத்துக்கு முன் எல்லாவற்றையும் சரியாகக் கற்றவர்தான் மாமா. பழகப் பழக ஒவ்வொரு படியாக நழுவியது. அதை யாரும் கூட இருந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

இதை ஒரு முறையாகவே செய்து பார்த்தவர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். 2011இல் அங்குள்ள குழந்தை மருத்துவமனைகள் பல ‘ஸ்கோப்’ என்ற பெயரில் ஒன்று சேர்ந்தன. புது மருந்து எதுவும் கண்டுபிடிக்கவில்லை. குழாய் பொருத்துவது, குடும்பத்துக்குப் பயிற்சி கொடுப்பது, பிறகு தொடர்ந்து கவனிப்பது என்று மூன்று பட்டியல்கள் போட்டார்கள். குழாய் வெளிவரும் இடத்தை ஒவ்வொரு வருகையிலும் பார்த்தார்கள். செய்முறையைக் குறிப்பிட்ட இடைவெளியில் செய்து காட்டச் சொன்னார்கள். எத்தனை தொற்று என்று மாதா மாதம் எண்ணினார்கள். நூறு நோயாளிகளுக்கு வருடத்துக்கு 63 ஆக இருந்த தொற்று, மூன்று வருடத்தில் 42 ஆகக் குறைந்தது. சர்வதேச வயிற்றுவழி டயாலிசிஸ் சங்கம் 2022இல் வைத்த இலக்கு, நூறு பேருக்கு 40க்கு மேல் போகக் கூடாது என்பது.

மருத்துவமனை செய்வதில் பாதியை வீட்டிலும் செய்யலாம். மாமா வீட்டில் இப்போது சுவரில் அந்தப் பட்டியல் ஒட்டியிருக்கிறது. கதவு, சன்னல் மூடி, காற்றாடியை நிறுத்துவது. முகக்கவசம் மூக்கையும் மூடுவது. சோப்பு போட்டு நன்றாகக் கழுவி, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் காகிதத் துண்டில் துடைப்பது. பையில் தேதி, கசிவு, கலங்கல் பார்ப்பது. குழாய் வெளிவரும் இடத்தில் மருத்துவர் சொன்ன களிம்பைத் தினமும் தடவுவது. பூனை அந்த அறைக்குள் வரவே கூடாது. இணைப்பு முனையில் கை பட்டுவிட்டால் மறைக்காமல், குழாயை மூடிவிட்டு உடனே டயாலிசிஸ் பிரிவுக்குத் தொலைபேசியில் சொல்வது. திட்டு விழும் என்று பயந்தால் யார்தான் சொல்வார்கள்?

மாதம் ஒருமுறை மாமா செய்வதை அத்தை பட்டியலோடு உட்கார்ந்து பார்க்கிறார். அன்று குற்றவாளியாக நின்றவர் இன்று மேற்பார்வையாளர். மாமா ஒரு படியை விட்டால், “அங்கிள்!” என்று தாதியின் குரலிலேயே கூப்பிடுகிறார்.

இன்னொன்று. வெளியே வந்த திரவப் பையைச் செய்தித்தாள் மேல் வைத்துப் பாருங்கள். கீழே உள்ள எழுத்தைப் படிக்க முடிந்தால் நிம்மதி. படிக்க முடியாத அளவு கலங்கியிருந்தால், காலை வரை காத்திருக்காமல் அந்தப் பையையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். மாமா அதற்கு இந்தப் பத்திரிகையைத்தான் பயன்படுத்துகிறார். படித்து முடித்த பிறகுதான் என்று என்னிடம் சத்தியம் செய்கிறார்.