பச்சை என்று சொன்னது யார்?

ஸ்ரீரங்கத்தில் ஒரு காப்பித்தூள் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். கல்லாவுக்குப் பக்கத்தில் கணிப்பொறி. திரையில் சரக்கின் பெயருக்கு எதிரே ஒரு வட்டம். பச்சை என்றால் கையிருப்பு போதும். மஞ்சள் என்றால் உடனே கொள்முதல் செய்ய வேண்டும். சிவப்பு என்றால் தட்டுப்பாடு. சிறு கடை முதல் பெரிய ஆலை வரை இன்று வணிக மென்பொருள்கள் இப்படித்தான் நிலவரம் சொல்கின்றன. அளந்து காட்டும் எண்ணைச் 'சுட்டெண்' என்றும், நிறம் மாறும் இடத்தை 'வரம்பு' என்றும் வைத்துக்கொள்வோம்.

இந்த வரம்பைக் கணிப்பொறி தானாகக் கண்டுபிடித்தது என்று நினைத்துவிடாதீர்கள். யாரோ ஒருவர் கணக்குப் போட்டு அதற்குச் சொல்லிக் கொடுத்தது. கணக்கும் எளியதுதான். நாளொன்றுக்கு 8 கிலோ விற்கிறது. சரக்குக்குச் சொன்னால் வந்து சேர 3 நாள். ஆக 24 கிலோ. எதிர்பாராத தாமதத்துக்காக 6 கிலோ கூட்டினால் 30. இருப்பு அதற்குக் கீழே போனால் மஞ்சள்.

மார்கழி வருகிறது. வைகுண்ட ஏகாதசிக்கு ஊர் கொள்ளாத கூட்டம். நாளுக்கு 20 கிலோ விற்கிறது. இருப்பு 35 கிலோ, திரையிலோ பச்சை! மறுநாள் மாலைக்குள் டப்பா காலி. கணிப்பொறி பொய் சொல்லவில்லை. ஆடி மாதத்து வரம்பையே மார்கழிக்கும் விட்டுவைத்தோம், அவ்வளவுதான்.

காப்பித்தூள் தீர்ந்தால் குடி முழுகிவிடாது. ஆற்றங்கரையில் கதை வேறு. மத்திய நீர் ஆணையம் ஆறுகளுக்கு எச்சரிக்கை மட்டம், அபாய மட்டம் என்று கோடுகள் வகுத்திருக்கிறது. முதல் கோட்டைத் தாண்டினால் மஞ்சள், அடுத்ததைத் தாண்டினால் ஆரஞ்சு, அதுவரை கண்ட உச்ச வெள்ளத்தை மிஞ்சினால் சிவப்பு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் 2018 ஆகஸ்டில் நடந்ததைப் பாருங்கள். மேட்டூரிலிருந்து வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கனஅடி வரை தண்ணீர் வந்தது. திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் வெள்ளத்தைக் கொள்ளிடத்துக்குத் திருப்பினார்கள். 1830களில் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணை அத்தனையையும் தாங்கியது. ஆகஸ்டு 22 இரவு, வெள்ளம் தணிந்துகொண்டிருந்த வேளையில், அதன் மதகுகள் பல இடிந்து போயின!

அணையின் வயதே காரணம் என்றது அரசுத் தரப்பு. அளவுக்கு மீறி மணல் அள்ளியதே காரணம் என்றனர் விவசாயிகள். எதுவானாலும் நீர்மட்டம் காட்டும் அளவுகோலில் அது தெரிந்திருக்காது. அந்த அளவுகோல் தண்ணீரை அளந்தது, அணையின் அடித்தளத்தை அல்ல. காப்பிக் கடையில் வரம்பு பழசு. இங்கே சுட்டெண்ணே வேறொன்றைப் பற்றியது.

உங்கள் பள்ளியிலும் ஒரு வரம்பு உண்டு: 35. தேர்ச்சி சதவீதமே பள்ளியின் சுட்டெண் என்றாகிவிட்டால், 33 வாங்குகிறவனை 36 ஆக்குவதிலேயே எல்லோருடைய கவனமும் போகும். 60 வாங்கும் பையன் 80 வாங்கினாலும் சதவீதம் அசையாது. அவனை யார் கவனிப்பார்கள்?

கணிப்பொறி வகுப்பில் எண்ணுக்கு நிறம் கொடுக்கக் கற்றுத் தருகிறார்கள். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்கக் கற்றுத் தருவதில்லை. இது பெருங்குறை என்பேன். பால் பாக்கெட்டில் தேதி அச்சிடுகிறோமே, வரம்புக்கும் ஏன் ஒரு தேதி போடக் கூடாது? யார் வகுத்தது, எப்போது, எதை நம்பி என்று ஒரே வரி போதும். கடைத் திரையில் 30க்குப் பக்கத்தில் 'ஆடி விற்பனைப்படி' என்று இருந்திருந்தால், மார்கழி பிறக்கும்போதே கடைக்காரர் அதை 66 என்று மாற்றியிருப்பார்.