ஸ்கூல் மாறினா ஒரு வருஷம் வெளியே: டெக்சாஸ் விதியில் என்ன சிக்கல்?

அமெரிக்காவின் டெக்சாஸில் ஹைஸ்கூல் ஃபுட்பால் (நம்ம கால்பந்து இல்லை, முட்டை வடிவப் பந்து) கிட்டத்தட்ட ஊர்த் திருவிழா. நல்ல பிளேயரை இன்னொரு பள்ளி தூக்கிட்டுப் போயிடக் கூடாது என்பதற்காக, பள்ளி விளையாட்டுகளை நடத்தும் யூ.ஐ.எல். அமைப்பு கறாரான விதி வைத்திருக்கிறது. விளையாட்டுக்காகவே பள்ளி மாறியதாக முடிவானால், முதன்மை அணியான ‘வார்சிட்டி’யில் குறைந்தது ஓராண்டு ஆட முடியாது.

ஓராண்டுதானே? ஹைஸ்கூலே 4 வருஷம்தான். கல்லூரி ஸ்காலர்ஷிப் கனவும் பெரும்பாலும் வார்சிட்டி ஆட்டங்களை நம்பித்தான் இருக்கு.

மாணவர் மாறும்போது பழைய பள்ளியும் ஒரு படிவத்தில் தன் கருத்தை எழுதும். முடிவெடுப்பது அந்தப் போட்டிப் பிரிவின் நிர்வாகக் குழு. அதில் உட்கார்ந்திருப்பது யார்? அதே பிரிவில் மோதும் பள்ளிகளின் பிரதிநிதிகள்! வாடகை தாங்காமல் வீடு மாறிய குடும்பமும் இவர்களிடம்தான் காரணத்தைப் புரிய வைக்கணும். மாநிலக் குழுவில் அப்பீல் உண்டு. சீசன் அதுவரை காத்திருக்காது.

ஃப்ளோரிடா 2016-ல் சட்டம் போட்டு, மாறிய உடனே ஆடலாம் என்றது. அங்கே திறமையெல்லாம் சில பெரிய அணிகளில் குவிகிறது என்று புகார். அதனால் விதியே வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஆனால், டெக்சாஸ் குழுவின் நாற்காலிகளில் போட்டிக்குச் சம்பந்தமில்லாதவர்கள் உட்காரட்டும். சந்தேகப்படும் பள்ளியே அதை நிரூபிக்கட்டும்.