பெயர்ப்பலகையில் மட்டுமோ பாவாணர்?

மொழிஞாயிறு ஞா. தேவநேயப் பாவாணர் கிறித்தவக் குடியிற் பிறந்தவர். கிறித்தவக் கீர்த்தனம் பாடிய அவர் கையே 1969-ல் திருக்குறளுக்குத் தமிழ் மரபுரை வரைந்தது. தமிழைத் தம் சமயத்திற்கே உரிய உடைமையெனப் பேசுவார்க்கும், வடசொல் மலிந்தாற்றான் வழிபாடு சிறக்குமென எண்ணுங் கிறித்தவர்க்கும் அவ் வாழ்வொன்றே போதிய விடையாம். தேவநேசக் கவிவாணன் என வழங்கிய தம் பெயரைத் தேவநேயப் பாவாணர் என அவர் மாற்றிக்கொண்டார். ‘தேவ’ மட்டும் நின்றதேன் என்று வினவுவோர் உளர். தேவு என்பது தீயென்னும் தமிழ்ச்சொல்லின் வழிப்பட்டதென்பது அவர் முடிபு. வேர் காணாமல் எச்சொல்லையும் அவர் தள்ளியதுமில்லை, கொண்டதுமில்லை.

1902-ல் பிறந்த பாவாணர், ஆம்பூர், சென்னை, மன்னார்குடி, திருச்சிராப்பள்ளி எனப் பல ஊர்ப் பள்ளிகளில் ஆசிரியராயிருந்தார். தமிழர் தோன்றிய இடம் குமரிநாடே என அவர் எழுதிய ஆராய்ச்சியுரையைச் சென்னைப் பல்கலைக்கழகம் ஏற்கவில்லை. அவர் சோர்ந்தாரல்லர், 1940-ல் ஒப்பியன் மொழிநூல் வெளிவந்தது. 1944 முதற் பன்னீராண்டு சேலம் நகராட்சிக் கல்லூரியில் அவர் பணியாற்றியபோது அவரிடம் பயின்றவர்களுள் ஒருவரே பெருஞ்சித்திரனார். 1956-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் புகுந்தவர், கருத்து வேற்றுமையால் 1961-ல் வெளியேறினார்.

அதன்பின் 1974 வரை சென்ற பதின்மூன்றாண்டுகளே கருதற்குரியன. தமிழுலகம் போற்றும் பேரறிஞர்க்கு அக்காலத்தில் நிலையான பணி இல்லை. தமிழ் வரலாறும் வடமொழி வரலாறும், தமிழே உலக முதற்செம்மொழியென ஆங்கிலத்தில் எழுதிய நூலும் அவ் வறுமைக்காலத்து விளைவுகளே. தென்மொழி வாயிலாக அன்பர்கள் திரட்டி விடுத்த சிறுதொகை அவர் அகரமுதலிப் பணிக்குத் துணை நின்றது. 1974-ல் தமிழ்நாட்டரசு செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்திற்கு அவரை இயக்குநராக்கியபோது அவரகவை 72. ஏழாண்டு கழித்து, மதுரையில் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாட்டில் உரையாற்றிய சின்னாளில், 1981 சனவரியில் அவர் மறைந்தார். முதற்பகுதி வெளிவந்தது 1985-ல். 31 பகுதிகளும் நிறைவுற்றதோ 2011-ல்! பத்தாண்டு முன்னரே அவரிடம் அப்பணியை ஒப்படைத்திருந்தால் பெரும்பகுதி அவர் கையாலேயே முடிந்திருக்கும்.

இன்று சென்னை அண்ணாசாலை நூலகத்திற்கு அவர் பெயர், மதுரையில் மணிமண்டபம். நன்றே. ஆயினும் அவரைப் புகழ்வாருள் எத்துணைப்பேர் அகரமுதலியை விரித்துப் பார்த்தவர்? அவர்தம் குமரிநாட்டுக் கொள்கையை இன்றைய நிலநூலாரும் மொழியியலாரும் ஏற்பதில்லை. அவர்க்கு விடையிறுக்க வேண்டியவர், சொற்சொல்லாக வேர்காட்டியன்றோ இறுத்தல் வேண்டும்? ஞாயிறென்று முழங்கிவிட்டால் விடையாகிவிடாது. அவர் காட்டிய வேர்களுள் ஒன்று பிழையெனின் அதனையுந் திருத்துதலே அவர் மாணவர்க்குரிய கடன்.

புதுக்கோட்டையைச் சார்ந்த திருக்கோகர்ணத்தையே எடுத்துக்கொள்க. கோகர்ணம் என்பதற்கு ஆவின் செவி என்று பொருளுரைப்பர். அதிற் கர்ணம் வடசொல். கோவோ, தமிழிலும் ஆவைக் குறித்து வழங்குவது. இவ்விரண்டும் ஒரே சொல்லோ, வேறோ? ஒன்றாயின் எம்மொழி எம்மொழிக்குக் கொடுத்தது? அவ்வூர்ப் பள்ளிச் சிறுவன் ஒருவன் இதனை வினவினால், ஆசிரியர் அகரமுதலியின் உரிய பகுதியை எடுத்து விரித்து, அவனொடு இருந்து பார்த்தல் வேண்டும். அதற்கு அந்நூல் பள்ளியில் இருத்தல் வேண்டுமன்றோ? தமிழ்நாட்டின் உயர்நிலைப் பள்ளி ஒவ்வொன்றிற்கும் 31 பகுதிகளையும் அரசு விலையின்றி வழங்குக. அரசு வழங்குங்காறும் ஊர்தோறுமுள்ள அன்பர்கள் ஒரு பள்ளிக்கு ஒரு பகுதியேனும் வாங்கித் தருக.