அம்பாசிடர் என்ஜின் நீண்ட நாள் உழைத்தது ஏன்?

கார் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, "லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும்?" என்பதுதான். அடுத்தது காரின் நிறம். என்ஜினைப் பற்றிக் கேட்கிறவர்கள் மிகவும் குறைவு.

வீட்டில் உள்ள பெரியவர்கள் மட்டும் பழைய காலத்தை நினைத்துப் பெருமூச்சு விடுவார்கள். "அம்பாசிடர் என்ஜின் போல வருமா? அது இரும்பு! இப்போது வருவதெல்லாம் தகரம்!" என்பார்கள்.

இதில் பாதிதான் உண்மை.

பந்தயக் காரின் தம்பி

அம்பாசிடர் கார் மேற்கு வங்காளத்தில் உள்ள உத்தரபாராவில் தயாரானது. 1950களின் கடைசியில் வெளிவந்த அந்தக் கார், 2014-ம் ஆண்டு மே மாதத்தோடு நின்றுபோயிற்று. பல ஆண்டுகள் அதை ஓட்டியது 1,489 சி.சி. பெட்ரோல் என்ஜின்.

இந்த என்ஜின் பிரிட்டனில் பிறந்தது. 1955-ல் அங்கே வெளிவந்த எம்.ஜி.ஏ. என்ற வேகக் காரிலும் இதே 1,489 சி.சி. என்ஜின்தான் இருந்தது. அங்கே இரண்டு கார்புரேட்டர் வைத்து விரட்டினார்கள். இங்கே ஒரே கார்புரேட்டர் வைத்து, கல்யாண வீட்டார் அத்தனை பேரையும் ஏற்றினார்கள்.

நான்கு சிலிண்டர்களும் ஒரே வரிசையில் இருக்கும். ஒவ்வொன்றின் அகலமும் சுமார் 73 மில்லிமீட்டர். அதற்குள் பிஸ்டன் சுமார் 89 மில்லிமீட்டர் தூரம் ஏறி இறங்கும். கிடைக்கும் சக்தி, சுமார் 50 குதிரைச் சக்தி.

இன்று 1,200 சி.சி. நான்கு சிலிண்டர் என்ஜினே 80 குதிரைச் சக்திக்கு மேல் கொடுக்கிறது. பெட்ரோலும் குறைவாகக் குடிக்கிறது. ஆகவே, புதிய என்ஜின் தகரம் அல்ல. கெட்டிக்கார என்ஜின்தான்.

அப்படியானால் பழையது மட்டும் எப்படி இத்தனை காலம் உழைத்தது?

தினமும் திறந்து பார்த்தார்கள்! அதுதான் ரகசியம்.

பழைய என்ஜினை நம்ப முடியாது. பின்பக்கம் ஆயில் கசியும். டேப்பெட் சத்தம் போடும். பாயிண்ட் தேய்ந்து, கார் கிளம்ப மறுக்கும். அதனால் டிரைவர்கள் காலையில் பானெட்டைத் திறந்து, ஆயிலையும் தண்ணீரையும் பார்த்த பிறகுதான் சாவியைத் தொடுவார்கள். கார் நின்ற இடத்தில் ஆயில் சொட்டு அதிகமாக இருந்தால் உடனே தெரிந்துவிடும்.

தேய்ந்தால் சிலிண்டரைக் கடைந்து, பெரிய பிஸ்டன் போட்டு மறுபடியும் ஓட்டினார்கள். இந்த "என்ஜின் வேலை"க்குச் செலவழித்த பணத்தைப் பெரியவர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள்!

புதிய கார் தொந்தரவு செய்வதில்லை. அதனால் பானெட்டைத் திறப்பதும் இல்லை. என்ஜின்மேல் பிளாஸ்டிக் மூடி வேறு. வாங்கிய நாளிலிருந்து ஆயில் கம்பி எங்கே இருக்கிறது என்றே தெரியாத சொந்தக்காரர்கள் உண்டு. வங்கிக் கடன் வாங்கி, நகையை அடகு வைத்து வாங்கிய கார், சில ஆயிரம் ரூபாய் ஆயில் செலவை ஒத்திப்போட்டதால் நடுவழியில் "சீஸ்" ஆகி நிற்கிறது. வாடகைக்கு ஓட்டுகிறவர் என்றால், அன்றோடு வீட்டு வருமானமும் நிற்கிறது.

ஒரு விநாடியில் நூறு வெடிப்பு

என்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றுவதாக வைத்துக்கொண்டால், ஒவ்வொரு பிஸ்டனும் விநாடிக்கு 50 தடவை ஏறி இறங்குகிறது. இரண்டு சுற்றுக்கு ஒரு முறை அந்தச் சிலிண்டரில் பெட்ரோல் எரிகிறது. நான்கையும் சேர்த்தால் விநாடிக்கு 100 வெடிப்பு!

இத்தனை ஆட்டத்திலும் இரும்போடு இரும்பு உரசாமல் காப்பது எது? தலைமயிரை விட மெல்லிய ஆயில் படலம். அவ்வளவுதான். ஆயில் பழசாகிக் கரியும் அழுக்கும் சேர்ந்தால், அந்தப் படலம் கெடும்.

"சிவப்பு விளக்கு எரிந்தால் பார்த்துக்கொள்ளலாம்" என்று சிலர் இருக்கிறார்கள். இது பெரிய தவறு. சாதாரணமாக அந்த விளக்கு ஆயில் குறைந்ததைக் காட்டுவதில்லை. ஆயிலின் அழுத்தம் விழுந்துவிட்டதைக் காட்டுகிறது. அது எரியும்போது தேய்மானம் தொடங்கியிருக்கக்கூடும். ஓரமாக நிறுத்தி என்ஜினை அணைப்பது ஒன்றே வழி.

வாரம் ஒரு நாள், சமமான தரையில் காரை நிறுத்தி, சில நிமிடம் கழித்துக் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி செருகிப் பார்த்தால் போதும். இரண்டு கோட்டுக்கு நடுவில் ஆயில் நிற்க வேண்டும். வீட்டில் பத்து வயதுப் பிள்ளையும் கற்றுக்கொள்ளக்கூடிய வேலை இது.

குழாய்த் தண்ணீர் வேண்டாம்

ரேடியேட்டரில் உப்புத் தண்ணீரை ஊற்றினால், சமையல் பாத்திரத்தில் படிவது போலவே உள்ளே வெள்ளையாகப் படியும். பிறகு சூடு இறங்காது. காருக்கு உரிய கூலண்டை ஊற்றுவதே நல்லது. சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

"சூடேறுகிறது" என்று சொன்னவுடன் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடும் மெக்கானிக்குகள் சிலர் இருக்கிறார்கள். என்ஜின் வேகமாகச் சூடாகித் தன் அளவில் நிற்பதற்காக வைத்த கருவி அது. அதைக் கழற்றினால் என்ஜின் சரியான சூட்டுக்கு வராமலே ஓடித் தேயும். பெட்ரோலும் கூடுதலாகப் போகும்.

இன்னொன்று டைமிங் பெல்ட். அம்பாசிடரில் இந்த வேலைக்கு இரும்புச் சங்கிலி இருந்தது. பிற்காலத்தில் வந்த பல என்ஜின்களில் ரப்பர் பெல்ட் இருக்கிறது. அது அறுந்தால், பல என்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதி நொறுங்கும். எத்தனை கிலோமீட்டரில் மாற்றுவது என்று காரோடு வரும் புத்தகத்தில் போட்டிருக்கும். அந்தப் புத்தகமோ, உறை பிரிக்காமல் கிடக்கும்!

பழைய கார் வாங்குகிறவர்களுக்கு

பழைய காரைப் பார்க்கப் போகிறவர்கள் பெயிண்டைப் பார்த்து மயங்க வேண்டாம். புகையைப் பார்க்கட்டும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. கரும்புகை என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. குளிர்ந்த காலையில் சிறிது வெள்ளைப் புகை வருவது சகஜம். சூடான பிறகும் அது நிற்காமல் வந்தால், சிலிண்டருக்குள் தண்ணீர் போகிறது என்று சந்தேகிக்க வேண்டும். ஆயில் மூடிக்கு அடியில் பால் போல வெளுத்திருந்தாலும் அதே சந்தேகம்தான்.

இதையெல்லாம் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது கிளப்பிப் பார்த்தால்தான் நன்றாகத் தெரியும். "இப்போதுதான் ஒரு சுற்று போய்விட்டு வந்தேன், சூடாகத் தயாராக இருக்கிறது" என்று விற்கிறவர் சொன்னால், பணத்தை எடுக்காமல் திரும்பி, மறுநாள் விடியற்காலையில் போய்ப் பார்க்கலாம்.