டாக்டர் சீட் கிடைக்காவிட்டால் பயாலஜி வீணா?

கொஞ்சம் நீளமான பதிவு. பிளஸ் டூ பிள்ளை இருக்கிற வீட்டுக்காரர்களாவது கடைசிவரை படியுங்கள்.

போன வாரம் என் பழைய மாணவர் ஒருவர் மகளோடு வீட்டுக்கு வந்தார். என்னிடம் ஏழாவது படித்த பையன், இப்போது தலை நரைத்துவிட்டது. பரமத்தி வேலூர் பக்கம் கரும்புக் காடு வைத்திருக்கிறார். மகள் இரண்டு முறை நீட் எழுதிவிட்டாள். மூன்றாவது முறைக்குப் பணம் கட்ட அவர் தயார். அவளோ பி.எஸ்சி. தாவரவியல் சேர்ந்து, பிறகு பரிணாம உயிரியலில் ஆராய்ச்சி செய்யப் போகிறேன் என்கிறாள்.

"ஏனுங்க டீச்சர், அதைப் படிச்சா என்ன வேலைங்க? முடிக்கறதுக்குள்ள முப்பது வயசாயிருமாமுங்க. நீங்களாச்சும் சொல்லுங்க" என்றார்.

நான் டீச்சர் ட்ரெய்னிங் படித்தவள். ஆராய்ச்சிப் படிப்பு படித்தவள் இல்லை. ஆனால் அவர் கேள்விக்குப் பதில் அவர் காட்டிலேயே நிற்கிறது.

நாம் நடுகிற கோ 86032 ரகத்தில் அந்தக் 'கோ' என்பது கோயம்புத்தூர். அங்கே 1912-இல் தொடங்கிய கரும்பு நிலையத்தில், தித்திப்பான கரும்பையும் ஆற்றோரத்துக் காட்டுக் கரும்பையும் சேர்த்து 1918-இல் கோ 205 என்ற ரகத்தைக் கொடுத்தார்கள். நமக்குக் களையாகத் தெரியும் அந்தக் காட்டுக் கரும்பிலிருந்துதான் வலுவும் நோய் தாங்கும் சக்தியும் வந்தன.

அந்த நிலையத்தில் 1934 முதல் 1939 வரை வேலை செய்தவர் ஜானகி அம்மாள். 1897-இல் தலச்சேரியில் பிறந்தவர். சென்னை ராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்து, 1921-இல் தாவரவியல் பட்டம் பெற்றார். பெண்கள் கிறித்துவக் கல்லூரியில் பாடம் நடத்தினார். பார்பர் உதவித்தொகை கிடைத்து அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் போய் முதுகலை முடித்தார். திரும்பி வந்து மறுபடி அதே கல்லூரியில் வேலை. மறுபடி மிச்சிகன். 1931-இல் டி.எஸ்சி. பட்டம் வாங்கும்போது வயது 33. இடையில் வீட்டில் பேசிய கல்யாணத்தையும் வேண்டாமென்று சொல்லிவிட்டார்.

கோவையில் அவர் செய்தது குரோமோசோம் எண்ணுகிற வேலை. மனிதருக்கு 46. தித்திப்புக் கரும்புக்கு 80. காட்டுக் கரும்பிலோ இடத்துக்கு இடம் 40 முதல் 128 வரை மாறும். குரோமோசோம் இப்படிப் பெருகும்போது செடி எப்படிப் புது வகையாகிறது என்பதும் பரிணாமக் கேள்விதான். 1939-இல் எடின்பரோ மாநாட்டுக்குப் போனவர், போர் மூண்டதால் இங்கிலாந்திலேயே தங்கி ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். 1945-இல் டார்லிங்டனோடு சேர்ந்து பயிர்களின் குரோமோசோம் பற்றிய பெரிய நூலை வெளியிட்டார். நேரு அழைத்து 1951-இல் திரும்பி வந்தார். 1977-இல் பத்மஸ்ரீ. 1984-இல் மறையும் வரை மதுரவாயல் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்துகொண்டிருந்தார்.

"அவங்கப்பா ஜட்ஜுங்களாமே" என்று கேட்பீர்கள். உண்மைதான். நம் பிள்ளைகளுக்கு அந்தப் பின்புலம் இல்லை. ஆகவே கஷ்டத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். பி.எஸ்சி. மூன்று வருடம், எம்.எஸ்சி. இரண்டு, அதன்பின் பிஎச்.டி. ஐந்தாறு வருடம். முடித்த கையோடு நிரந்தர வேலை கிடைக்கும் என்று யாரும் எழுதித் தரமாட்டார்கள். ஆனால் ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. அந்தக் கட்டத்தில் அப்பாவிடம் கை நீட்ட வேண்டியதில்லை. இப்போது பிளஸ் டூவில் இருப்பவர்கள் ஐசர் நுழைவுத்தேர்வு எழுதலாம், பக்கத்திலேயே திருப்பதியில் ஒரு ஐசர் இருக்கிறது. அதைத் தவறவிட்டவர்கள் உள்ளூர்க் கல்லூரியில் பி.எஸ்சி. முடித்துவிட்டுப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், என்.சி.பி.எஸ்., ஜவஹர்லால் நேரு மையம் போன்ற இடங்களுக்கு முயலலாம்.

"இதெல்லாம் நமக்கு எதுக்குங்க" என்பவர்கள், நாமக்கல் கோழிப் பண்ணைக்காரர்களைக் கேளுங்கள். முன்பு கேட்ட மருந்து இப்போது ஏன் கேட்பதில்லை? மருந்துக்குத் தப்பிய கிருமி பெருகிவிடுகிறது. அதுவும் பரிணாமம்தான். அதைப் படித்தவர்கள் நம் மாவட்டத்துக்குத் தேவை.

ஒரு விஷயத்தை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். பல வருடங்களுக்கு முன் என் வகுப்பில் ஒரு பெண், தீப்பெட்டியில் பூச்சி பிடித்துக்கொண்டு வருவாள். அவள் பிளஸ் டூ முடித்ததும் அப்பா என்னிடம் யோசனை கேட்டார். சீக்கிரம் வேலை கிடைக்கும், டீச்சர் ட்ரெய்னிங் சேர்த்துவிடுங்கள் என்றேன். நல்ல டீச்சராக இருக்கிறாள், குறையொன்றும் இல்லை. ஆனால் "உனக்கு என்ன ஆசை கண்ணு?" என்று அவளிடம் ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

அதனால் இந்த முறை அப்பாவை விட்டுவிட்டு மகளிடம் பேசினேன். ஏன் இந்தப் படிப்பு என்றேன். "எங்க காட்டுல ஒரே வரப்புல ஒரு கரும்புல செவ்வழுகல் வருது, பக்கத்துக் கரும்புல வரலைங்க டீச்சர். ஏன்னு தெரிஞ்சுக்கணும்" என்றாள்.

மூன்றாவது நீட்டுக்குக் கட்டப் போகிற பணத்தை அவள் பி.எஸ்சி.க்குக் கட்டுங்கள் என்று அவரிடம் சொல்லி அனுப்பினேன். டாக்டராக ஆசைப்படுகிற பிள்ளை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதட்டும். ஆசையே இல்லாத பிள்ளையை, ஊர் என்ன சொல்லும் என்பதற்காக எழுத வைக்காதீர்கள். அப்படி இழக்கிற ஒரு வருடம் அவளுடையது.

என் மாணவர்களில் ஆராய்ச்சிப் படிப்பு முடித்தவர்கள் சிலர் இதைப் படிப்பீர்கள். உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு வழி சொல்ல ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அந்தப் பெண்ணோடு பேச முடிந்தவர்கள் எனக்கு போன் செய்யுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்