உவர்நீரை மறுத்தவர் யார்?

குருநகர்க் கரையோரம் கட்டட வேலை பார்த்த எவருக்கும் இது தெரியும். கிணறு பக்கத்திலேயே இருக்கும், தண்ணீரும் ஊறும், கொங்கிறீற்றுக்கு மட்டும் அது உதவாது. உவர்நீரில் குழைத்தால் குளோரைட்டு கம்பியைப் பிடித்துக்கொள்ளும். சில வருடங்களில் தூணில் துருக்கறை இறங்கும். பிறகு கம்பியை மூடிய கொங்கிறீற் வெடித்து விழும்.

அண்மையில் ஒரு தொழில்நுட்ப உத்தியோகத்தர், பொறியியலாளர் பதிவுக்காகத் தாம் எழுதிய அனுபவ அறிக்கையை எங்களிடம் வாசிக்கத் தந்தார். இருபது வருடத்துக்கு மேல் களத்தில் நின்றவர். அங்கீகாரம் பெற்ற பட்டம் இல்லாதவர். கரையோர வேலை ஒன்றைப் பற்றி அவர் எழுதியிருந்தது ஒரே வரி: ‘பொருத்தமான நீர் பயன்படுத்தப்பட்டது.’ துருவிக் கேட்டபோதுதான் மீதி வெளிவந்தது. கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பியவர் அவர். முடிவு வரும்வரை கொங்கிறீற் போட விடாமல் நிறுத்தியவரும் அவர். ஒப்பந்தகாரர் முகம் கறுத்தும் பவுசரில் நன்னீர் எடுப்பித்து, அந்தச் செலவுக்கு எழுத்தில் காரணம் காட்டியிருக்கிறார். இத்தனையும் ‘பயன்படுத்தப்பட்டது’ என்ற ஒரு சொல்லுக்குள் புதைந்து கிடந்தது.

பட்டம் இல்லாதவரின் விண்ணப்பம் பெரும்பாலும் இடறுவது இந்த இடத்தில்தான்.

2017 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டம் இலங்கைப் பொறியியற் பேரவையை அமைத்தது. பொறியியல் தொழில் புரிவோர் பதிவு செய்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம். பட்டயப் பொறியியலாளர் முதல் தொழில்நுட்பவியலாளர் வரை பல வகுப்புகள் அதில் உள்ளன. பொறியியற் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கும் வாஷிங்டன் உடன்படிக்கையில் இலங்கைப் பொறியியலாளர் நிறுவகம் 2014 இல் முழு உறுப்பாயிற்று. அதனால் அங்கீகாரம் பெற்ற பட்டத்தின் மதிப்பு கடல் கடந்தும் செல்கிறது. ஆனால் அந்தப் பட்டம் கையில் இல்லாதவர், தம் அறிவு அதற்கு ஈடானது என்பதைத் தாமே நிறுவ வேண்டியவராகிறார்.

பட்டமின்றிப் பொறியியலாளர் ஆவது புதிய வழியல்ல. இலங்கைப் பல்கலைக்கழகத்தில் பொறியியற் பீடம் தொடங்கியது 1950 இல்தான். அதற்கு முன் 1893 இல் தொடங்கிய தொழில்நுட்பக் கல்லூரியிலும் களத்திலும் பயின்றவர்கள், லண்டன் நிறுவனங்களின் பரீட்சைகளை எழுதிப் பொறியியலாளர் ஆனார்கள். லக்சபான நீர்மின் யோசனையை 1918 இல் இலங்கைப் பொறியியற் சங்கத்தின் முன் வைத்த டி. ஜே. விமலசுரேந்திரா அந்தக் கல்லூரியில் படித்தவரே.

பிரித்தானியாவில் இன்றும் இந்த வழி திறந்திருக்கிறது. பட்டமில்லாதவரைத் தனியாள் மதிப்பீட்டின் மூலம் சோதிக்கிறார்கள். அறிவு, வடிவமைப்பும் சிக்கல் தீர்ப்பும், பொறுப்பும் தலைமையும், தொடர்பாடல், தொழில் ஒழுக்கம் ஆகிய ஐந்திலும் சான்று கேட்கிறார்கள். கனடாவின் ஒன்ராறியோ மாகாணம் 2023 மே மாதத்தில் கனடிய அனுபவம் வேண்டும் என்ற நிபந்தனையை நீக்கியது. புலம்பெயர்ந்த நம்மவர்க்கு அது பெரிய ஆறுதல். ஆனாலும் தகைமைச் சோதனை அங்கே நீங்கிவிடவில்லை, நீங்கவும் கூடாது. பொறியியலாளரின் கையொப்பத்தை நம்பித்தான் சனம் பாலத்தில் நடக்கிறது.

ஆகவே அளவுகோலைத் தாழ்த்தச் சொல்லி நாம் கேட்கவில்லை. அந்த அளவுகோல் எதை அளக்கிறது என்று விண்ணப்பதாரர் விளங்கிக்கொள்ள வேண்டும் என்கிறோம். எத்தனை வருடம் வேலை செய்தீர்கள் என்பது அங்கே முதற்கேள்வி ஆகாது. எதை நீங்கள் தீர்மானித்தீர்கள், எந்தக் கணிப்பின் மேல், தவறியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்றே கேட்பார்கள். நம் அலுவலகத் தமிழ் ‘செய்யப்பட்டது’ என்றே எழுதப் பழகியது. நம் அடக்கமோ ‘நாங்கள்’ என்கிறது. பதிவு அறிக்கையில் இரண்டும் உங்களை மறைத்துவிடும். ‘நான் நிறுத்தினேன், காரணம் இது’ என்று எழுதுவது தற்பெருமை ஆகாது. பொறுப்பேற்பவர் பேசும் முறை அதுதான்.

பதிவு வகுப்பைத் தெரிவு செய்வதிலும் நிதானம் வேண்டும். வாஷிங்டன் உடன்படிக்கை சிக்கலான பிரச்சினைகளைத் தீர்ப்பவரைப் பற்றியது. அதே வகையான டப்ளின் உடன்படிக்கை தெளிவாக வரையறுத்த பிரச்சினைகளைக் கையாள்பவரைப் பற்றியது. இடையில் நிற்பது சிட்னி உடன்படிக்கை. உங்கள் வேலைக்குப் பொருந்தும் வகுப்பில் முதலில் பதிவு பெற்று, படிப்பைத் தொடர்ந்து மேலே செல்வதில் ஒரு குறைவும் இல்லை.

பட்டயம் பெற்ற மூத்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் கீழ் வேலை செய்யும் ஓவசியரும் தொழில்நுட்ப உத்தியோகத்தரும் எடுத்த முடிவுகளுக்கு நீங்களே சாட்சி. அவர்களின் அறிக்கையை ஒருமுறை வாசித்துத் திருத்திக் கொடுங்கள். பதிவு வழங்கும் நிறுவனங்களிடமும் ஒன்று கேட்கிறோம்: பட்டமில்லாதவருக்கான வழிகாட்டலைத் தெளிந்த தமிழிலும் தாருங்கள்.

விண்ணப்பிக்க நினைப்பவர் இன்றைக்கே ஒரு கொப்பி வாங்குங்கள். வேலை முடிந்ததும் திகதி, இடம், எடுத்த முடிவு, அதன் காரணம் என்று நான்கு வரி எழுதி, பொறுப்பான பொறியியலாளரிடம் கையொப்பம் பெறுங்கள். உவர்நீரை மறுத்தவர் யார் என்று பத்து வருடம் கழித்து நேர்முகத்தில் கேட்டால், பதில் அந்தக் கொப்பியில் இருக்க வேண்டும்.